கடைசியாக என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?

வயிற்றுப்போக்கோடு ஒருவரை வார்டில் சேர்க்கும்போது நாங்கள் வரிசையாகக் கேள்வி கேட்போம். நேற்றிலிருந்து எத்தனை தடவை போனது? ரத்தமோ சளியோ கலந்து போகிறதா? காய்ச்சல் உண்டா? வெளியில் எங்காவது சாப்பிட்டார்களா? கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். "இந்த மூணு மாசத்துல என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"மெடிக்கல்ல சொல்லி வாங்கினதுங்க சிஸ்டர்."

"வெள்ளையா நீளமா ஒண்ணு, அப்புறம் ஒரு கேப்ஸ்யூல்."

"பவர் மாத்திரைன்னு சொன்னாங்க. பேரு தெரியல."

நான் செந்துறைப் பக்கத்துக்காரி. படித்து முடித்ததிலிருந்து வெளியூரில், பெரிய மருத்துவமனைகளில் செவிலியர் வேலை. அரியலூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களைப் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். நம் ஊர்க்காரர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கும்போது எனக்கு மனசு கேட்காது. ஏனென்றால் சில நோயாளிகளுக்கு நோயே அந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

சி டிஃப் என்று ஒரு கிருமி

அந்தக் கிருமியின் முழுப்பெயர் க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில். 2016 வரை க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்று இருந்தது. வார்டில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, சி டிஃப்தான்.

1935-இல் அமெரிக்காவில் ஹால், ஓ'டூல் என்ற இருவர் பிறந்த குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். குழந்தைகள் நன்றாகத்தான் இருந்தன. அதனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கிருமியைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தவில்லை. 1970-களில் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எடுத்த நோயாளிகள் சிலருக்குப் பெருங்குடல் புண்ணாகி, உள்பக்கம் மஞ்சள் மஞ்சளாகப் படலம் படிவதை மருத்துவர்கள் பார்த்தார்கள். ஜான் பார்ட்லெட்டும் வேறு சிலரும் 1978-இல் காரணத்தை உறுதிப்படுத்தினார்கள். புண் ஆக்கியது மருந்து நேரடியாக இல்லை. மருந்து கொடுத்த வாய்ப்பில் பெருகிய சி டிஃப் கக்கிய நச்சுதான் அதைச் செய்திருந்தது.

விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கோரை முளைத்த கொல்லையை நினைத்துக்கொள்ளுங்கள். களைக்கொல்லி அடித்தால் மேலே இருக்கிற பச்சை எல்லாம் கருகும், கோரையின் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். பயிரும் இல்லாத வெறும் நிலத்தில் அடுத்த ஈரத்துக்கு அதுதான் முதலில் கிளம்பும். நம் பெருங்குடலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் நிறைந்திருக்கும்வரை சி டிஃப் தலையெடுக்க முடியாது. அவை அதற்கு இடமும் விடாது, உணவும் விடாது. பித்தநீரை அதற்கு ஆகாத வடிவத்துக்கு மாற்றியும் வைத்திருக்கும். நெஞ்சுச் சளிக்கோ, சிறுநீர்த் தொற்றுக்கோ, பல் பிடுங்கியதற்கோ ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது இந்த நல்ல கிருமிகளும் சேர்ந்து அழிகின்றன. சி டிஃப் கெட்டியான ஓட்டுக்குள் ஸ்போராகச் சுருண்டு கிடப்பதால் தப்பிவிடுகிறது. கட்டில் கம்பியிலும் கழிவறைக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கக்கூடியது அது.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பேதி தொடங்கலாம். முடித்து சில வாரம் கழித்தும் தொடங்கலாம். மூன்று மாதம்வரைகூடத் தள்ளிப் போகும். "அந்தக் காய்ச்சல் போன மாசமே சரியாப் போச்சே" என்று வீட்டில் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விடுவது இதனால்தான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் பயப்பட வேண்டாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வயிறு கொஞ்சம் இளகிப்போவது பலருக்கு நடக்கும். பெரும்பாலும் மருந்து முடிந்ததும் சரியாகிவிடும். சி டிஃப்பைச் சந்தேகப்பட வேண்டியது ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போய், அது நிற்காமல் தொடரும்போது. 65 வயதைத் தாண்டியவர்கள், சமீபத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தத் தொற்று கூடுதலாக வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

"இதெல்லாம் வெளிநாட்டு வியாதி" என்று முன்பு நம் மருத்துவர்களில் சிலரே சொல்வார்கள். சண்டிகர் பிஜிஐயில் சேத்னா வைஷ்ணவி இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் பக்கத்து மக்கள் பெரிய வைத்தியத்துக்குப் போகிற புதுச்சேரி ஜிப்மரிலிருந்தும், தென்னிந்திய மருத்துவமனையில் தலைதூக்கி வரும் சிக்கல் என்று இதைச் சொல்லி 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தேடுகிற இடத்தில் இது கிடைக்கிறது.

ஒரு மஞ்சப்பை சொன்ன கதை

எங்கள் ஊர்ப் பக்கத்து முந்திரிக் கொல்லைக்காரர் ஒருவரை வார்டில் சேர்த்தார்கள். எழுபது வயதுக்கு மேல். எழுந்து உட்கார முடியவில்லை, நாக்கு வறண்டு, வயிறு லேசாக உப்பியிருந்தது. வழக்கமான கேள்விகளைக் கேட்டு, மாத்திரைக் கேள்விக்கு வந்தேன். அவர் மகள் ஒன்றும் சொல்லாமல் மஞ்சப்பை ஒன்றை நீட்டினார். உள்ளே காலி அட்டைகள், எறியாமல் சேர்த்து வைத்தவை. "அப்பாவுக்கு எது ஒத்துக்கலன்னு பின்னால கேப்பாங்களேன்னு வச்சிருந்தேன் சிஸ்டர்" என்றார்.

டூட்டி டாக்டர் அட்டைகளை மேசைமேல் பரப்பினார். காலில் கட்டை குத்திய புண்ணுக்கு முதலில் அமாக்ஸிகிளாவ். ஆறவில்லை என்று வேறோர் இடத்தில் செஃபிக்ஸிம். கூடவே பான்டோபிரசோல். பிறகு வயிற்றால் போனதும் கடையில் கேட்டு வாங்கிய ஒஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை, நிற்கவில்லை என்று மறுபடியும் அதுவே. கடைசியாக லோபரமைடு. ஒரு மாதத்துக் கதை அந்த மேசைமேல் வரிசையாகக் கிடந்தது. மலப் பரிசோதனைச் சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று டாக்டர் யோசிக்கவே இல்லை. அன்றைக்கே சி டிஃப் நச்சுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பாசிட்டிவ்.

அந்த வரிசையை மறுபடி பாருங்கள். பேதி வந்தபிறகு கொடுத்த ஒஃப்ளாக்ஸசினும் ஓர் ஆன்டிபயாட்டிக். ஆன்டிபயாட்டிக்கால் வந்த பேதிக்கு இன்னோர் ஆன்டிபயாட்டிக். வயிற்றுப்போக்கு என்று போய் நின்றாலே இந்தக் கலவை மாத்திரையை எடுத்துத் தருவது நம் ஊர்களில் சாதாரணம். லோபரமைடு குடலின் அசைவை நிறுத்தும். போக்கு நின்றதுபோல் தெரியும், நச்சு உள்ளேயே தங்கும். சி டிஃப் என்று சந்தேகம் இருந்தால் அந்த மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது. பேதி திடீரென்று நின்று வயிறு மட்டும் உப்பினால் அது குணமாகிற அடையாளமாக இருக்காது. குடல் செயலிழந்து வீங்கத் தொடங்கியிருக்கலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வார்டில் என்ன செய்கிறோம்

முதல் வேலை, பேதிக்குக் காரணமான ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த முடியுமா என்று டாக்டர் பார்ப்பது. லேசான நோயாக இருந்தால் சிலருக்கு இதிலேயே திருப்பம் தெரியும். எதை நிறுத்துவது என்று தெரிய வேண்டும் என்றால் எதைச் சாப்பிட்டார் என்று தெரிய வேண்டும். நிறுத்துகிற முடிவு டாக்டருடையது. காசநோய்க்கோ, ரத்தத்தில் கிருமி பரவியதற்கோ மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

அடுத்தது நீர். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம், முடியாதவர்களுக்கு ட்ரிப்ஸ். கஞ்சியும் மோரும் தாராளமாகக் கொடுக்கலாம்.

பரிசோதனைக்குத் தண்ணீராகப் போகிற மலம்தான் வேண்டும். கெட்டியாகப் போகிறவருக்கு இந்தச் சோதனை செய்யக் கூடாது, ஏனென்றால் நோயே இல்லாதவர் குடலிலும் கிருமி இருக்கலாம். எடுத்ததும் லேபுக்கு ஓட வேண்டும். சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் நச்சு சிதையத் தொடங்கிவிடும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 15,000-ஐத் தாண்டினாலோ, கிரியாட்டினின் 1.5-க்கு மேல் போனாலோ நோய் தீவிரம் என்று எடுத்துக்கொள்வோம்.

மருந்து வான்கோமைசின். ஒரு வேளைக்கு 125 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள், வாய்வழியாக. இங்கேதான் உறவினர்கள் திகைப்பார்கள். வாயில் போடும் கேப்ஸ்யூல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, அதனால் ஊசி மருந்துக் குப்பியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். "ஊசியா போட்டா சீக்கிரம் கேக்கும்ல சிஸ்டர், ஏன் குடிக்கக் குடுக்கறீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. ரத்தத்தில் ஏற்றினால் இந்த மருந்து குடலுக்குள் வந்து சேராது. குடித்தால் ரத்தத்துக்குள் போகாமல் குடலிலேயே தங்கும். கிருமி இருக்கிற இடத்தில் மருந்தும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க வழிகாட்டுதல்கள் 2021-இலிருந்து ஃபிடாக்ஸோமைசினை முதலில் வைக்கின்றன. திரும்ப வருவது அதில் குறைவு. விலையும் கிடைப்பதும் நமக்கு அவ்வளவு சுலபம் இல்லை. வான்கோமைசின் கிடைக்காத இடத்தில், நோய் லேசாக இருந்தால், மெட்ரானிடசோல் கொடுப்பார்கள்.

குணமானபிறகு "இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா?" என்று கேட்பார்கள். தேவையில்லை. பேதி நின்றபிறகும் சில வாரம் சோதனை பாசிட்டிவ் காட்டலாம். மலம் கெட்டியாகிச் சாப்பாடு பிடித்துவிட்டால் அதுதான் ரிசல்ட்.

ஐந்தில் ஒருவர் அளவுக்கு இது திரும்ப வரும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவரின் மலத்தைப் பரிசோதித்து, வடிகட்டி, குழாய் வழியாகக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். நெதர்லாந்தில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2013-இல் வெளியானது. இந்தச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 15 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து அழித்த நல்ல கிருமிகளைத் திருப்பிக் குடியேற்றுவதுதான் அந்தச் சிகிச்சையின் சாரம்.

அட்டெண்டருக்கு ஒரு வார்த்தை

நம் மருத்துவமனைகளில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார். பெட்பேன் வைப்பது, துடைத்துவிடுவது, துணி அலசுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவர் கைதான். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பதும் அவரே. தொற்றைத் தடுப்பது என்றால் முதலில் இவருக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸில் இவரிடம் யாரும் நின்று பேசுவதில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொள்வேன்.

கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் பையிலும் சானிடைசர் இருக்கிறது. சி டிஃப் ஸ்போரை அது கொல்லாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பும் ஸ்போரைக் கொல்வதில்லை, கையிலிருந்து கழுவித் தள்ளிவிடும். முடிந்தால் நோயாளிக்குத் தனிக் கழிவறை, இல்லாவிட்டால் தனிக் கமோடு நாற்காலி. துடைப்பதற்குக் கையுறை. கட்டில், கைப்பிடி, கழிவறை இவற்றைக் குளோரின் கலந்த பிளீச் கரைசலால் துடைக்க வேண்டும், வாசனை பினாயில் போதாது. வீட்டில் செய்யும்போது எச்சரிக்கையாக இருங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சையும் ஒருநாளும் கலக்காதீர்கள், நச்சுப் புகை கிளம்பும்.

இங்கிலாந்து கற்ற பாடம்

இதை அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் பகுதி மருத்துவமனைகள் சாட்சி. 2004 முதல் 2006 வரை அங்கே சி டிஃப் பரவியதில் சுமார் 90 பேர் உறுதியாகவோ அநேகமாகவோ இந்தத் தொற்றால்தான் இறந்தார்கள் என்று 2007-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. செவிலியர் பற்றாக்குறையில், அவசரமாகப் போக வேண்டிய நோயாளிகளைப் படுக்கையிலேயே போகச் சொன்ன நிலைமையும் அதில் பதிவாகியிருக்கிறது. செவிலியராக அந்த வரியை என்னால் கடந்து போக முடியவில்லை.

அதன்பிறகு அவர்கள் செய்ததும் பதிவாகியிருக்கிறது. 2007-08-இல் இங்கிலாந்தில் 55,000-க்கு மேல் பதிவான தொற்று சில ஆண்டுகளில் 15,000-க்குக் கீழே இறங்கியது. கை கழுவுவதும் வார்டைச் சுத்தம் செய்வதும் கூடியது உண்மை. ஆனால் 2017-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த மரபணு ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகளுக்கு அடங்காத சி டிஃப் ரகங்கள்தான் குறைந்திருந்தன, மற்ற ரகங்கள் குறையவில்லை. சுத்தம் மட்டுமே காரணமாக இருந்தால் எல்லா ரகமும் குறைந்திருக்கும். அந்த வகை மாத்திரைகளை எழுதுவதை அந்த நாடு கட்டுப்படுத்தியதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஒஃப்ளாக்ஸசினும் அதே வகைதான். நாம் மெடிக்கலில் கேட்டு வாங்குவது.

செட் மாத்திரையும் வெள்ளைக் கவரும்

இப்போது நம் கடைத்தெருவுக்கு வருகிறேன். "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டால், நான்கைந்து அட்டைகளிலிருந்து கத்தரித்து, சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். ஒரு வேளைக்கு ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கேப்ஸ்யூல். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. காய்ச்சல் விட்டதும் கவர் குப்பைக்குப் போகும். அடுத்த மாதம் வார்டில் நான் கேட்கிற கேள்விக்கான பதிலும் அதோடு போய்விடுகிறது.

மக்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு அரசு மருத்துவமனை வரிசையில் அரை நாள் நிற்க எல்லோராலும் முடியாது. மெடிக்கல் கடைக்காரர் தெரிந்தவர், கைராசிக்காரர், கடனுக்கும் தருவார்.

சட்டம் இருக்கிறது. 2012-இல் சென்னையில் மருத்துவர் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாட்டிக்குகளைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டன. டாக்டர் அப்துல் கஃபூர் அதை முன்னெடுத்தவர். மத்திய அரசின் ஹெச்-1 அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இருக்கும் மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று 2016-இல் பிரசாரமும் செய்தார்கள். கேரளத்தில் ஆன்டிபயாட்டிக்கைத் தனியாக நீல நிறக் கவரில் போட்டுத் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்குகிறவர் கையில் இருப்பது சாதாரண மாத்திரை இல்லை என்று கவரே சொல்லிவிடும். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

என் வேண்டுகோள்

இதைப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்கிறேன். சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் போனில் வைத்தியம் சொல்கிறவர்கள் நீங்கள்தான். சீட்டையும் மாத்திரை அட்டையையும் போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் போனில் அழிந்தாலும் உங்கள் போனில் தேதியோடு இருக்கும். அட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சளி, காய்ச்சலுக்கெல்லாம் "பவர் மாத்திரை" கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள், சாதாரண ஜலதோஷத்தை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. வயிற்றால் போனால் முதலில் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். நிற்காமல் போனாலோ, காய்ச்சல், ரத்தம், வயிறு உப்புதல் எது இருந்தாலோ செந்துறை அரசு மருத்துவமனைக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கூட்டிப்போங்கள். டாக்டர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள்: "மூணு வாரத்துக்கு முன்னால இந்த மாத்திரை சாப்பிட்டாங்க."

மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன், அக்காமாருக்கும் ஒன்று. நீங்கள் எங்களுக்கு முன்னாலேயே நோயாளியைப் பார்க்கிறவர்கள். பேதி என்று வருகிற பெரியவரிடம், சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் எந்த மாத்திரையும் தராமல் டாக்டரிடம் அனுப்புங்கள். தருகிற எந்தக் கவரின் மேலும் மருந்தின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிஷ வேலைதான். நடுராத்திரி வார்டுக்கு வருகிற நோயாளிக்கு அந்த எழுத்து பல நாள் அலைச்சலையும், சில நேரம் உயிரையும் மிச்சப்படுத்தும்.